இருநூற்று ஐம்பத்தாறு கிலோபைட்

ஜலசந்தியில் காற்று எழுபதைத் தாண்டினால்
படகை நிறுத்திவிடுவார்கள்.
அப்புறம் டிக்கெட் கூண்டுக்குள் எனக்கு வேலையில்லை.
வரிசையில் பதினோரு லாரி,
பதினோரு ஓட்டுநர்களின் தூக்கம்,
ஒரு ஹீட்டர், என் லேப்டாப்.

பூந்தா அரேனாஸ் ஞாயிற்றுச் சந்தையில்
ஆறாயிரம் பேசோவுக்கு வாங்கினேன்,
சிப்பி போல் மடங்கும் அந்த விளையாட்டுக் கருவியை.
கீல் உடைந்திருந்தது. மேல்திரை செத்திருந்தது.
கீழ்த்திரை மட்டும் விரல் பட்டால் கண் திறந்தது.
"உதிரிக்குத்தான் ஆகும்" என்றான் தாடிக்காரன்,
என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வேண்டியது உடம்பு அல்ல.
எமுலேட்டர் மூன்று கோப்பு கேட்டது:
பதினாறு கிலோபைட்டில் ஒன்று,
நான்கில் ஒன்று,
இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று.
"நெட்டில் கிடைக்குமே" என்றான் எவரிஸ்தோ,
படகில் கயிறு இழுப்பவன்,
எதுவும் எங்கேயாவது கிடைக்கும் என்று நம்புகிறவன்.
யாருடைய எச்சிலும் எனக்கு வேண்டாம் என்றேன்.

மெமரி கார்டைச் செருகினேன்.
மேலே இருட்டில் என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்து ஊகித்து
கீழே தொட்டு இறக்கினேன்.
பெரிய எழுத்தில் பெயர் வைத்தேன்;
கண்ணெதிரே வைத்துக்கொண்டே
"கோப்பு இல்லை" என்றது.
சின்ன எழுத்துக்கு மாற்றினேன்;
"அளவு சரியில்லை" என்றது.
எங்கோ கொஞ்சம் சிந்தியிருக்கிறது.
மறுபடி இறக்கினேன். மறுபடி.
காற்று கூண்டை ஒரு உலுக்கு உலுக்கியபோது
வெள்ளைத் திரை வந்தது,

மணியோசையும்.
ஆனால் இது அந்த மணியோசை இல்லை.
என் தங்கையின் கருவியில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்,
ஒற்றை டிங், அவ்வளவுதான்.
இதுவோ இரண்டு படி ஏறி
ஒரு குலுங்கு குலுங்கி இறங்கியது.

கோப்பு பழுது என்று முடிவு கட்டினேன்.
நான்காம் முறை இறக்கினேன். ஐந்தாம் முறை.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்,
பைட்டுக்குப் பைட் ஒத்துப்போனது.
ஓசை மட்டும் பிடிவாதமாகக் குலுங்கியது.
விடியும்போது காற்று இறங்கியது.
லாரிகளை அக்கரைக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் இரவு திறந்தால்
ஒற்றை டிங்.
தானாகச் சரியாகிற பழுதை நான் நம்புவதில்லை.
அமைப்புகளுக்குள் போனேன்.

பெயர்: மிலென்கா.
பிடித்த நிறம்: ஆரஞ்சு.
பிறந்தநாள்: ஆகஸ்ட் பதினான்கு.
நேற்று.

கீழே, இருபத்தாறு எழுத்துக்கே இடமுள்ள
செய்திப் பெட்டியில்:
ஈவோ, இது உன்னுடையது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன்.
எம்பனாதா விற்கிறவள் கத்தினாள்,
"ஈவோ, ஆயிரத்துக்குச் சில்லறை இருக்கா?"
தாடிக்காரன் நிமிர்ந்தான்.
கருவியை அவன் மேஜைமேல் வைத்தேன்.
"மிலென்காவோடது" என்றேன்.
உடைந்த கீலைத் திறந்தான். மூடினான்.
எங்கே இருக்கிறாள் என்று கேட்க வாய் வந்தது.
பேட்டரி மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே
"அந்தோஃபகாஸ்தாவில்" என்றான் அவனே,
"சுரங்கக் கம்பெனியில். பேசிக்கொள்வதில்லை."
ஆறாயிரத்தை எண்ணித் தந்தான்.
வெளியே வந்து பார்த்தால் ஏழு.
திரும்பிப் போகவில்லை.

கோப்பைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

இன்றும் காற்று. இன்றும் படகு இல்லை.
எமுலேட்டரில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது:
கோப்பில் உள்ள பெயருக்குப் பதில் வேறு பெயர்.
டிக் போட்டேன். ஹாசின்தா என்று அடித்தேன்.
திரை என்னை வரவேற்றது,
வேறு யாருடைய தபாலையோ பிரித்துவிட்டவளைப் போல
நெளிந்தேன்.
டிக்கை எடுத்துவிட்டேன்.

எவரிஸ்தோ ஜன்னலைத் தட்டி,
"ஓடுதா?" என்றான்.
ஓடுகிறது என்றேன்.

ஆகஸ்ட் பதினான்கு, அடுத்த வருடம்,
இரவுப் பணிக்கு
இப்போதே என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.
சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார்.
அன்றைக்குக் காற்று இருக்கும் என்றேன்.